கீரிமலை: பிதிர்க்கடனின் கரை

கீரிமலை யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கு மேற்கே, யாழ். நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவில் உள்ள தீர்த்தத் தலம். உப்பு அலை வந்து மோதும் மதிலுக்கு அப்புறம் கடல், இப்புறம் நன்னீர்க் கேணி. கேணிக்கு அருகே நகுலாம்பிகை சமேத நகுலேஸ்வரர் கோயில் கொண்டிருக்கிறார். இலங்கையின் பஞ்ச ஈச்சரங்களுள் வட முனையில் இருப்பது இது. திருகோணமலையில் திருக்கோணேச்சரம், மாதோட்டத்தில் திருக்கேதீச்சரம், சிலாபத்துக்கு அருகே முன்னேச்சரம், தென்கோடியான தெவிநுவரையில் 1588இல் போர்த்துக்கேயர் இடித்த தொண்டேச்சரம் ஆகியவை மற்ற நான்கு.

குடாநாட்டுச் சைவர் வீட்டில் கீரிமலை என்ற பெயர் எழும் நேரம் வேறு. வீட்டில் ஒரு சாவு நிகழ்ந்தால் 31ஆம் நாள் விடியற்காலையில் புறப்பட்டுப் போகும் இடம் அது. தகப்பன் இல்லாதவர் ஆடி அமாவாசைக்கு முழுகப் போகும் இடமும் அதுதான். இத்தலத்துக் கோயிற் கட்டடம் 400 ஆண்டுகளில் இரண்டு தடவை போரினால் குலைந்தது. இரண்டாவது தடவை ஊரும் காலியாகி, பாதையும் அடைபட்டது. அப்படியிருந்தும் கீரிமலை யாழ்ப்பாணத்தின் முதன்மையான பிதிர்த் தலமாக இன்றும் நீடிப்பதற்கு, செத்தவருக்குச் செய்ய வேண்டிய கடனே முதற் காரணம். அந்தக் கடன் கோபுரத்தை நம்பி இருந்ததில்லை. அதற்குத் தேவைப்பட்டவை தண்ணீரும், மந்திரம் சொல்லித்தர ஒரு குருக்களும், எள்ளும் தர்ப்பையுமே.

நிலத்துக்குக் கீழே ஓடும் தண்ணீர்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று பெயர் பெற்றதும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கொட்டும் வாடைக்காற்று மழைதான் இந்த மண்ணின் முழு முதல். வலிகாமத்துச் செம்மண்ணில் விழும் அந்த மழை, கீழே உள்ள மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கித் தங்குகிறது. கடலிலிருந்து உட்புகுந்து கிடக்கும் உப்பு நீரைவிட நன்னீர் அடர்த்தி குறைந்தது. ஆகவே அது உப்பு நீரின் மேல், நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்த ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதைத் தாங்கக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் கணக்கு. புத்தூருக்கு அருகேயுள்ள நிலாவரைக் கிணற்றில் இதை நேரே அறியலாம். மேல் நீர் குடிக்க உதவும். ஆழத்தில் இறங்க இறங்க உவர்க்கும்.

இந்த வில்லை கரையோரத்தில் மெலிந்து, கல்லின் வெடிப்பு வழியாகக் கடலுக்குள் கசியும் இடங்களில் ஊற்றுகள் உண்டாகின்றன. அவற்றுள் பேர் பெற்றது கீரிமலை ஊற்று. மாரி முடிந்த கையோடு அதன் பாய்ச்சல் மிகும், கோடையில் தணியும். ஊற்று நீரை மறித்துப் படி கட்டிய கேணி ஆண்களுக்கு உரியது. அது திறந்த வெளியாக இருக்கிறது. பெண்களுக்கு உயர்ந்த மதிலால் மறைத்த தனிக் கேணி உண்டு. ஆண்களின் கேணிக் கட்டில் நின்று பார்ப்பவருக்கு ஒரு பக்கம் அடித்தளக் கல் தெரியும் தெளிந்த நீர், மறுபக்கம் சில அடி தூரத்தில் நுரைத்து உடைகிற அலை. இளந்தாரிகள் மதிலிலிருந்து குதித்து நீந்துவார்கள். வயோதிபர் படியிலேயே இருந்து, மூக்கைப் பிடித்து மூன்று முழுக்குப் போட்டு எழும்புவார்கள். நல்ல வெய்யிலிலும் தண்ணீர் குளிர்ந்தே இருக்கும்.

இந்தத் தீர்த்தம் வலிகாமத்துத் தோட்டங்களின் மீது பெய்த மழைதான் என்பதை மறக்கக்கூடாது. தோட்டக் கிணறுகளில் மட்டுமீறி இறைத்தால் நன்னீர் வில்லை மெலிந்து உப்பு மேலேறும். அளவுக்கு மிஞ்சிய பசளையின் நைத்திரேற்று மண்ணில் இறங்கினால் அது ஊற்றுக்கும் வரும். கீரிமலையின் தூய்மை கேணியடியில் மட்டும் காக்கப்படும் காரியம் அல்ல. சுன்னாகம், தெல்லிப்பழை, மல்லாகம் தோட்டக்காரர் கையிலும் அது இருக்கிறது.

முனிவரும் அரசகுமாரியும்

தலக் கதைகள் இரண்டும் இந்தத் தண்ணீரைச் சுற்றியே பின்னப்பட்டவை. சாபத்தால் கீரிமுகம் பெற்ற நகுல முனிவர் இங்கே தீர்த்தமாடித் தவம் செய்து மனித முகம் பெற்றார் என்பது முதற் கதை. தலத்தின் பெயரும் இறைவன் பெயரும் அவரிடமிருந்தே வந்தன. இரண்டாவது, குன்ம நோயாலும் குதிரை முகத்தாலும் வருந்திய சோழ அரசகுமாரி மாருதப்புரவீகவல்லியின் கதை. அவள் கீரிமலைக் கரையில் பாளையமிட்டுத் தங்கி, நாள்தோறும் முழுகி, நகுலேஸ்வரரை வணங்கி நோயும் குதிரை முகமும் நீங்கப் பெற்றாள். அந்த நன்றிக்காக அவள் எடுப்பித்த முருகன் கோயில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் என்றும், காங்கேயன் என்னும் அந்த முருகனின் திருவுருவம் வந்திறங்கிய துறை காங்கேசன்துறை ஆயிற்று என்றும் சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் ஆட்சியில், மயில்வாகனப் புலவர் எழுதிய ‘யாழ்ப்பாண வைபவமாலை’ இக்கதையை விரிவாகக் கூறுகிறது.

இவற்றை வரலாற்றுச் சான்றாக எடுக்க இயலாது. ஆனால் யாழ்ப்பாணத்தார் கீரிமலையை எதற்காக நாடினார்கள் என்பதற்கு இவை நல்ல சாட்சி. முனிவரும் அரசகுமாரியும் உடம்பில் ஏறிய குறை நீங்க வந்தவர்கள். கடலோரத்து நன்னீர் என்ற இயற்கையின் வியப்பு முதலில் நோய் தீர்க்கும் நீராயிற்று. அதே நீர் பின்பு, போன உயிரின் பயணத்துக்குத் துணை செய்யும் நீராகவும் கொள்ளப்பட்டது.

முதல் அழிவு

1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேறாவின் படை அரசன் சங்கிலி குமாரனைப் பிடித்ததோடு யாழ்ப்பாண இராச்சியம் முடிந்தது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. கீரிமலைச் சிவன் கோயிலும் அந்த ஆண்டிலேயே இடிபட்டது என்பர். குருமார் விக்கிரகங்களைக் கிணற்றில் இறக்கியும் மண்ணில் புதைத்தும் காத்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த பிறகும் நிலைமை உடனே மாறவில்லை. சைவர் வெளிப்படையாகக் கோயில் எழுப்ப 18ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. நல்லூர்க் கோயில் 1734இல் மீண்டும் தொடங்கியது. கீரிமலைச் சிவாலயம் எழ இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. பழைய ஈச்சரங்களைப் புதுக்க வேண்டும் என்று ஆறுமுக நாவலர் (1822–1879) மூட்டிய ஊக்கம், அவர் காலமான பின் 1890களில் இங்கே கோயிலாக உருவெடுத்தது. 1918இல் தீயினால் சேதப்பட்டு மறுபடியும் திருத்தப்பட்டது.

இடையில் கழிந்த 270 ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்பது, பத்துத் தலைமுறைக்குப் பெருங்கோயில் இல்லை. கேணி இருந்தது, கடல் இருந்தது. கோயிலை இடித்தவர்களுக்கு ஊற்றை அடைக்க வழி இல்லை. வீட்டுக்குள் நடந்த திவசத்தையும் விரதத்தையும் எந்த அரசாணையாலும் முற்றாகத் தடுக்க முடியவில்லை.

அந்தியேட்டியும் ஆடி அமாவாசையும்

யாழ்ப்பாணச் சைவர் மரபில் சாவுக்குப் பிந்திய கிரியைகள் ஒழுங்காக அமைந்தவை. சுடலையில் தகனம் முடிந்த பின் காடாத்து. சாம்பலுக்குப் பாலும் நீரும் தெளித்து, எலும்புகளைப் பொறுக்கி மண்முட்டியில் இட்டு வெள்ளைத் துணியால் வாய் கட்டுவார்கள். அதன் பின் எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு. 31ஆம் நாள் அந்தியேட்டி.

அந்தியேட்டிக்குப் புறப்படும் வீட்டார் இருட்டோடு எழும்பி வாகனம் பிடிப்பார்கள். கொள்ளி வைத்த மகன், சகோதரர், மருமக்கள், பேரர் எல்லோரும் சேர்ந்து போவது வழக்கம். கடற்கரை மடத்தில் குருக்கள் கும்பம் வைத்து, தர்ப்பைப் பவித்திரம் அணிவித்துக் கிரியையைத் தொடங்குவார். செத்தவரின் பெயரும் பிறந்த நட்சத்திரமும் சொல்லப்படும். கல் நிறுத்தி, அதை இறந்தவராகப் பாவித்து எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். பச்சரிசி மாவில் எள்ளும் தேனும் சேர்த்துப் பிடித்த பிண்டம் படைக்கப்படும். எள்ளுத் தண்ணீர் பெருவிரல் பக்கமாக வழிந்து விழ வேண்டும் என்று குருக்கள் ஒவ்வொருவரின் கையையும் பிடித்துத் திருத்துவார். முதல் தடவை செய்யும் சிறுவனுக்கு விரல் நடுங்கும், தண்ணீர் மறுபக்கம் போகும், குருக்கள் பொறுமையாக மறுபடி ஊற்றச் சொல்வார். பிறகு முட்டியை எடுத்துக்கொண்டு கடலில் இறங்கி அஸ்தியைக் கரைப்பார்கள். உப்புத் தண்ணீரிலிருந்து மேலேறி வந்து கேணியில் முழுகி, வேட்டி மாற்றி, கோயிலில் மோட்ச அர்ச்சனை செய்து வீடு திரும்புவார்கள். வீட்டில் அன்றைக்கே வீட்டுக்கிருத்தியம் நடக்கும். அதோடு துடக்கு என்ற சாவுத் தீட்டுக் கழியும்.

அன்று உறவினர் கையில் கொடுக்கப்படும் கல்வெட்டு யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு அச்சு மரபு. இறந்தவரின் ஊர், குடி, கல்வி, தொழில், பிள்ளைகள் பற்றிய வரலாறும், இறந்த ஆண்டையும் மாதத்தையும் திதியையும் பாவில் பொதிந்த திதி வெண்பாவும், மனைவி மக்கள் புலம்பலும் அதில் இருக்கும். பின்பகுதியில் தேவாரம், திருவாசகம், சகலகலாவல்லிமாலை, கந்தசஷ்டி கவசம் என்று தோத்திரங்கள் சேர்ப்பார்கள். ஆகவே செத்தவரின் நினைவு நூல் உயிரோடிருப்பவரின் சுவாமி அறையில் தோத்திரப் புத்தகமாகப் பல ஆண்டுகள் புழங்கும். ஒரு ஊரின் கல்வெட்டுகளை வரிசையாக அடுக்கினால் அந்த ஊரின் வரலாறே கிடைக்கும். இவற்றைத் தேடிச் சேர்த்து வைக்கும் வேலை இன்னும் பெரிதாக நடக்க வேண்டும்.

ஆண்டுதோறும் வருவது ஆடி அமாவாசை. தந்தையை இழந்தவர்களின் விரத நாள் அது. தாயை இழந்தவர்களுக்குச் சித்திராபூரணை. ஆடி அமாவாசையன்று விடியுமுன்பே கீரிமலை வீதி நிரம்பிவிடும். கேணிக் கட்டைச் சுற்றியும் கடற்கரை நீளத்துக்கும் குருமார் பாய் விரித்து இருப்பார்கள். முன்னால் வாழையிலை, அரிசி, காய்கறி, எள், தர்ப்பை. ஒருவர் எழும்ப அடுத்தவர் உட்காருவார். தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர் சொல்லக் கேட்கும்போது பூட்டன் பெயர் தெரியாமல் திகைத்து நிற்பவர் பலர். அந்த இடத்தில் பெயர் கேட்டு அறிந்துகொண்ட பிள்ளை அடுத்த ஆண்டு அதைத் தானே சொல்லும். குடிவழி நினைவு கைமாறுவது இப்படித்தான்.

அன்றைக்கே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் மகோற்சவத்தின் தீர்த்தம். 25 நாள் திருவிழாவின் நிறைவில் சுவாமி கீரிமலைக்கு எழுந்தருளித் தீர்த்தமாடுவார். அரசகுமாரியின் கதை ஆண்டுதோறும் இவ்வாறு கால்நடையாக மீள்கிறது. முழுகி வீடு போனவர்கள் பிதிருக்குப் படைத்து, காகத்துக்கு வைத்து, பிறகே உண்பார்கள். அந்தச் சமையலில் காத்தோட்டிக்காய்க் கறி கட்டாயம். கசக்கும் இந்தக் காட்டுக் காய் மற்ற நாள்களில் சந்தையில் தேடப்படாது. அமாவாசைக்கு முதல் நாள் கூறு போட்டு விற்பார்கள்.

வாசலில் நின்றவர்கள்

இந்தப் பெருமைகளோடு சொல்லியாக வேண்டிய இன்னொன்று உண்டு. பிதிர்க்கடன் எல்லோருக்கும் பொது என்றாலும், கோயில் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பொது இடங்களில் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. அதற்குப் பின்னும் குடாநாட்டின் பல பெருங்கோயில்கள் ஒடுக்கப்பட்ட சாதியினரை உள்ளே விடவில்லை. 1968இல் மாவிட்டபுரம் திருவிழாக் காலத்தில் அவர்கள் ஆலயப் பிரவேசம் கோரி வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் போராட்டத்தை முன்னெடுத்தது. முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம் எதிரணியின் தலைவராக வாசலை மறித்தார். வழக்கு நீதிமன்றம் ஏறியது. அடிபட்டும் அவமானப்பட்டும் அங்கே நின்றவர்களின் உறுதியால்தான் பின்வந்த ஆண்டுகளில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கீரிமலை, மாவிட்டபுரம் தல வரலாறுகள் பலவற்றில் இந்தப் பக்கம் விடுபட்டிருக்கிறது. குதிரை முகம் மாறிய கதைக்கு இடம் கொடுக்கும் நூல் இதற்கும் இடம் கொடுத்தாக வேண்டும்.

இரண்டாவது அழிவு

1990 ஜூனில் உள்நாட்டு யுத்தம் மீண்டும் வெடித்தபோது, கீரிமலை அடங்கிய வலிகாமம் வடக்கு மக்கள் கையில் எடுத்ததோடு வெளியேறினார்கள். பலாலி விமானத் தளத்துக்கும் காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கும் சுற்றியிருந்த ஊர்கள் வெறிச்சோடின. அந்த ஆண்டு ஒக்டோபரில் விமானக் குண்டுவீச்சில் நகுலேஸ்வரம் சேதமுற்றது. காலப்போக்கில் முழுப் பகுதியும் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. சில விசேட நாள்களில் மட்டும் இராணுவ அனுமதியுடன் சோதனைச் சாவடிகளைக் கடந்து போய்வர முடிந்த காலமும் உண்டு.

அந்த ஆண்டுகளிலும் சாவு நிற்கவில்லை. 31ஆம் நாளும் வந்துகொண்டிருந்தது. மக்கள் சுழிபுரத்துத் திருவடிநிலைக்கும், யாழ். நகரத்து வில்லூன்றிக்கும், கைக்கெட்டிய வேறு கரைகளுக்கும் அஸ்தியைக் கொண்டுபோனார்கள். வன்னிக்கு இடம்பெயர்ந்தவர்கள் குளத்தங்கரையில் செய்தார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பரிஸிலும் தகனம் செய்தவர்கள், ஊர்ப் பாதை திறக்கும் நாளில் கீரிமலையில் கரைப்பதென்று அஸ்தியைக் காத்து வைத்திருந்ததும் உண்டு. 2009இல் யுத்தம் முடிந்த பின் வலயம் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டது. 2012 ஜனவரியில் நகுலேஸ்வரத்தில் மகா கும்பாபிஷேகம் நடந்தது. கோயில் எழுந்துவிட்டது. சுற்றியுள்ள காணிகளைப் பொறுத்தவரை, பலருக்குத் தங்கள் வீட்டு வளவில் கால் வைக்க அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்காயிற்று. இன்னும் முழுதாகத் திரும்பக் கிடைக்கவில்லை.

எருசலேமும் கொச்சியும்

கட்டடத்தை இழந்தும் வழிபாட்டை இழக்காத மக்கள் என்று உலகம் முதலில் எண்ணுவது யூதர்களை. எருசலேமில் அவர்களுடைய பேராலயத்தை கி.பி. 70இல் உரோமப் படை எரித்து அழித்தது. ஏரோது மன்னன் ஆலய மேட்டைத் தாங்கக் கட்டிய மதிலின் மேற்குப் பகுதி எஞ்சியது. அதுவே மேற்குச் சுவர். யூதர் அதன் முன் நின்று செபிக்கிறார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித் தனி இடம். வேண்டுதலைக் காகிதத் துண்டில் எழுதிக் கல்லிடுக்கில் செருகுவார்கள். ஆலயம் அழிந்த நாளாக ஆவ் மாதத்து ஒன்பதாம் நாளில் உண்ணாமல், தண்ணீரும் குடியாமல், தரையில் அமர்ந்து புலம்பல் ஆகமத்தை ஓதுவார்கள். யூதரின் ஆவ் மாதமும் அமாவாசையை ஒட்டியே பிறக்கிறது. 2022, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் அது கீரிமலையின் ஆடி அமாவாசைக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ பிறந்தது.

செத்தவருக்கான கடனும் அங்கே பலமானது. பெற்றோரை இழந்த மகன் பதினொரு மாதம் நாள்தோறும் கதிஷ் என்ற அரமேய மொழிச் செபத்தைச் சொல்வான். அதில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இறைவனின் பெயரை உயர்த்துவது மட்டுமே உண்டு. ஆண்டுத் திதியில் ஒரு நாள் முழுக்க எரியும் விளக்கை வீட்டில் ஏற்றுவார்கள். சடங்கு முழுக்குக்கு ஊற்று, மழை போன்ற இயற்கை நீரே வேண்டும் என்ற அவர்களுடைய விதி கீரிமலையாருக்கு உடனே விளங்கும். 1948 முதல் 1967 வரை எருசலேமின் பழைய நகரம் யோர்தானின் கையில் இருந்தபோது யூதர் தங்கள் சுவருக்குப் போக முடியவில்லை. 1967 யுத்தத்தில் இஸ்ரேல் அதைப் பிடித்ததும், சுவருக்கு முன்னால் இருந்த மக்ரிபி குடியிருப்பு இடிக்கப்பட்டு அங்கிருந்த முஸ்லிம் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. இன்று பக்தர் நிற்கும் முற்றம் அந்த வீடுகள் இருந்த நிலம். வலிகாமம் வடக்கைத் தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு வலியும் புரியும்.

கதிஷ் சொல்லப் பருவமடைந்த பத்து ஆண்களாவது கூட வேண்டும் என்பது பழைய விதி. அந்த விதியின் பாரத்தைக் கொச்சியில் காணலாம். கி.பி. 1000 அளவில் சேர அரசன் பாஸ்கர ரவி, யூதத் தலைவன் ஈசுப்பு இரப்பானுக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் இன்றும் இருக்கிறது. மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயத்தை 1662இல் போர்த்துக்கேயர் சேதப்படுத்தினார்கள். மறு ஆண்டு கொச்சியைப் பிடித்து யூதருக்கு ஆதரவளித்த ஒல்லாந்தத் தளபதி ரிக்லொவ் வன் கூன்ஸ், 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தவர்தான். நீல வண்ணச் சீன ஓடு பாவிய தளத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் வழக்கம் கொச்சி யூதர் இந்திய மண்ணில் எடுத்துக்கொண்டது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் என்று சொல்லி ஒரு பகுதி யூதரை அங்கே உள்ளே உட்கார விடாத கொடுமையும் இந்த மண்ணுக்குரியதே. வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) அதற்கு எதிராக ஜெப ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் இருந்தார்.

1950களில் கொச்சி யூதரில் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். கட்டடம் பழுதின்றி இருக்கிறது. கண்ணாடி விளக்குகள் தொங்குகின்றன. உள்ளூரில் பத்துப் பேர் இல்லை. வெளியூர் யூதப் பயணிகள் சேர்ந்தால்தான் கூட்டு வழிபாடு நடக்கும். கீரிமலையில் கோயில் இல்லாத காலத்திலும் கும்பிட வந்தவர் இருந்தார்கள். கொச்சியில் ஆலயம் இருக்க ஆட்கள் போய்விட்டார்கள். புலம்பெயர்வு இப்படியே நீண்டால் குடாநாட்டிலும் எள்ளுத் தண்ணீர் இறைக்க மகன் ஊரில் இல்லாத வீடுகள் கூடும். ஏற்கெனவே பல அந்தியேட்டிகள் மருமகனாலும் பெறாமகனாலும் செய்யப்படுகின்றன. மகள் செய்யலாமா என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. அதற்கு ஆம் என்று சொல்லும் துணிவு குருமாருக்கு வர வேண்டும்.

போகிறவர்களுக்கு

யாழ். நகரிலிருந்து கீரிமலைக்குப் பஸ் ஓடுகிறது. காங்கேசன்துறை வரையான புகையிரதச் சேவை 2015இல் மீண்டதால், தெற்கிலிருந்து வருவோர் அங்கே இறங்கி முச்சக்கரவண்டியில் போகலாம். நாகபட்டினம்–காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கியது. இடையிடையே நின்று நின்று ஓடினாலும், தமிழ்நாட்டிலிருந்து வருவோர் கீரிமலைக்கு மிக அருகிலேயே கரையிறங்க அது வழி செய்திருக்கிறது.

கேணியில் சவர்க்காரம் போடலாகாது. கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை கழற்றி வேட்டியோடு போவது முறை. அந்தியேட்டி நடக்கும் மடத்துப் பக்கம் படம் எடுக்கக் கூடாது என்பதைப் பார்வையிட வருவோர் தாமாகவே உணர வேண்டும். முட்டி கட்டிய துணியையும் பொலித்தீனையும் கடலில் விடாமல் கரையிலேயே சேர்த்து அகற்ற ஒழுங்கு வேண்டும். மழைக்காலத்தில் அலை உரப்பாக இருக்கும். நீந்தத் தெரியாதவர் கடலில் இறங்கி அஸ்தி கரைக்கும்போது துணைக்கு ஆள் இருக்க வேண்டும். நெரிசல் இல்லாமல் கேணியைப் பார்க்க விரும்புவோர் தை, மாசி மாதங்களில் வாரநாள் காலையில் போகலாம். அப்போது மாரி ஓய்ந்திருக்கும், ஊற்றும் நிறைந்து பாயும். சிவராத்திரிக்குத் தங்க விரும்புவோர் முன்கூட்டியே மடத்தில் சொல்லி வைப்பது நல்லது.